ஆமைக்குச் சட்டம் உண்டு, அதன் கரைக்கு?

1826ஆம் ஆண்டு அம்பாந்தோட்டைக்கு அருகே ஓர் அழுங்காமை பிடிபட்டது. அதன் துடுப்பில் ஒரு வளையம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் மாட்டிவிட்ட வளையம் அது. ஒரே ஆமை அதே கரைக்கு மறுபடியும் வருகிறதா என்று அறிந்துகொள்வதற்காகவே அவர் அப்படிச் செய்திருந்தார். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் உயர் பதவி வகித்த சேர் எமர்சன் டெனன்ட் தமது நூலில் இதனை எழுதி வைத்திருக்கிறார். வளையம் மாட்டியவரின் ஆட்சி இதற்கிடையில் இந்நாட்டை விட்டே போய்விட்டது. ஆமை மட்டும் தன் கரைக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஒல்லாந்தர் கேட்ட கேள்விக்கு இன்று விஞ்ஞானம் தெளிவாக விடை தருகிறது. பெண் கடலாமை தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகிறது. குஞ்சாக மணலைவிட்டுக் கடலுக்குள் இறங்கும்போதே அந்த இடத்தின் புவிக்காந்தப் புலத்தை அது தன்னுள் பதித்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பின்னர் பருவமடைய இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். அதுவரை சமுத்திரங்களில் அலைந்து திரிந்துவிட்டு, ஓர் இரவில் அதே கரைக்கு ஏறி வருகிறது. அங்கே மணலுக்குப் பதிலாகக் கருங்கல் தடுப்பும் ஹோட்டல் சுவரும் இருந்தால் என்ன செய்யும்? சில வேளை முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பும். சில வேளை அலை எட்டும் இடத்தில் முட்டையிட்டுவிட்டுப் போகும். அந்த முட்டைகள் நனைந்து அழுகிவிடும்.

ஆமைகளைப் பாதுகாக்கும் சட்டங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என் மனதில் எழுந்த கேள்வி இதிலிருந்துதான் வந்தது. ஆமையைக் கொல்லாதே என்று சட்டம் சொல்வது இலகு. அந்த ஆமை வந்து ஏறவேண்டிய கரையைச் சட்டம் எவ்வாறு காப்பாற்றும்?

உலகில் ஏழு இனக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன: பேராமை எனப்படும் பச்சை ஆமை, பங்குனி ஆமை, பெருந்தலை ஆமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை. இத்தனை சிறிய நாட்டுக்கு இது பெரிய கொடை. ஆனால் நாம் இவற்றை நடத்திய விதம் பெருமைப்படத்தக்கதல்ல. யாழ்ப்பாணச் சந்தையில் ஆமை உயிரோடிருக்கும்போதே இறைச்சியைத் துண்டு துண்டாக அறுத்து விற்றதை டெனன்ட் அருவருப்போடு விவரிக்கிறார். 1840இல் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட இருபத்தெட்டுப் பேருள் பதினெட்டுப் பேர் ஒரே இரவில் இறந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சில கடலாமைகளின் இறைச்சியில் நஞ்சு இருக்கும் என்பது நம் கரையோர மக்களுக்கு அன்றே தெரிந்திருந்தும் அது வேட்டையை நிறுத்தவில்லை. அழுங்காமையின் ஓட்டிலிருந்து சீப்புகளும் பெட்டிகளும் செய்யப்பட்டன. காலி நகரம் அந்த வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது.

இந்த நிலையில் சட்டம் முதலில் கவனித்தது கத்தியையும் கூடையையும்தான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே எமது நாட்டின் அடிப்படைச் சட்டம். 1972இல் கடலாமைகள் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டன. பின்னர் வந்த திருத்தங்கள் அதனை இறுக்கமாக்கின. ஆமையைக் கொல்வது, பிடிப்பது, உயிருடனோ இறந்த நிலையிலோ வைத்திருப்பது, விற்பது, முட்டைகளை எடுப்பது ஆகியன குற்றங்கள். 1979இல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சமவாயத்தில் இலங்கை இணைந்ததோடு, ஓட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் வழியும் அடைபட்டது.

இவை நல்ல சட்டங்கள். ஆனால் இவை எல்லாமே ஓர் ஆளையும் ஓர் ஆமையையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பவை. எவரும் ஆமையைத் தொடாமலேயே அந்த இனத்தை ஒரு கரையிலிருந்து இல்லாமல் செய்துவிடலாம். அதற்கு ஒரு மின்குமிழ் போதும்.

இதைச் சற்று விளக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு பெரும்பாலும் இரவில்தான் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. எந்தப் பக்கம் கடல் என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தாழ்வான அடிவானத்தில் எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே ஓடு என்பதே அதற்கு இயற்கை தந்த ஒரே கட்டளை. மின்சாரம் இல்லாத உலகில் அந்த வெளிச்சம் எப்போதும் கடலாகத்தான் இருந்தது. நிலவும் விண்மீன்களும் நீரில் பட்டுப் பிரதிபலிக்க, தரைப்பக்கம் தாழை மரங்களின் நிழலால் கறுத்திருந்தது. இன்று தரைப்பக்கம்தான் பளிச்சென்று இருக்கிறது. குஞ்சுகள் வீதியை நோக்கி ஓடுகின்றன. காலையில் நாய்க்கும் காகத்துக்கும் இரையாகின்றன, அல்லது வெயிலில் காய்ந்து போகின்றன. விளக்குப் போட்டவர் கொலைகாரரா? சட்டம் திணறுவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கின் பெயரை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'பெருந்தலை ஆமை எதிர் வொலுசியா மாவட்டச் சபை' என்பதே அதன் பெயர். உண்மையாகவே ஆமையின் பெயர் வழக்காளியாகப் பதியப்பட்டிருந்தது! புளோரிடா மாநிலத்தின் வொலுசியா மாவட்டத்தில் டேடோனா கடற்கரை இருக்கிறது. அங்கே மணலில் கார் ஓட்டுவது பல தலைமுறைப் பழக்கம். 1995இல் அவ்வூர்ப் பெண்கள் இருவர், பெருந்தலை ஆமையையும் பச்சை ஆமையையும் தம்மோடு வழக்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு மாவட்டச் சபை மீது வழக்குத் தொடுத்தார்கள். முறைப்பாடுகள் இரண்டு. ஒன்று, கரையில் ஓடும் வாகனங்கள். மற்றது, கரையோரக் கட்டடங்களின் வெளிச்சம்.

வாகனங்கள் பற்றி முதலில் பலன் கிடைத்தது. முட்டையிடும் பருவத்தில் இரவில் கரையில் வாகனம் ஓட்டுவதை மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவால் நிறுத்தியது. அதன் பின்னர் மாவட்டச் சபை மத்திய அரசிடமிருந்து ஓர் அனுமதிப்பத்திரம் பெற்றது. கரையில் வாகனங்களை ஒழுங்குபடுத்தும்போது தற்செயலாக ஆமைகளுக்குத் தீங்கு நேர்ந்தால் அது குற்றமாகாது என்பது அந்தப் பத்திரத்தின் சாரம். அதைக் காட்டி வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. பெண்கள் விடவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. வாகனங்களுக்காகக் கொடுத்த அனுமதி வெளிச்சத்துக்குச் செல்லாது, வெளிச்சம் பற்றிய முறைப்பாட்டோடு அவர்கள் வழக்காடலாம் என்று கூறி, வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வென்றது யார் என்பதல்ல. ஆமையைக் கையால் தொடாத ஒரு விளக்கு, சட்டத்தின் கண்ணில் ஆமைக்குச் செய்யும் தீங்காக விசாரிக்கப்படலாம் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே பெரிய விடயம்.

இதற்குப் பின்னணியில் ஒரே ஒரு சொல் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் அமெரிக்க அருகிவரும் உயிரினங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்குக்குத் 'தீங்கு' செய்யக்கூடாது என்கிறது. விலங்கு வாழும் இடத்தைப் பெருமளவில் சிதைத்து, அதனால் விலங்கு இறந்தாலோ காயமடைந்தாலோ அதுவும் தீங்குதான் என்று அரசாங்கம் ஒழுங்குவிதி ஒன்றை ஆக்கியது. மரம் வெட்டும் தொழிலைச் சார்ந்தவர்கள் அதை எதிர்த்தார்கள். மரம் என் நிலத்தில் நிற்கிறது, நான் ஆந்தையைத் தொடவில்லையே என்பது அவர்கள் வாதம். 1995இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் ஒழுங்குவிதி செல்லும் என்றது. ஆந்தைக்காக வந்த அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் ஆமைகளின் கரையும் நின்றது. ஆனால் 2025 ஏப்ரலில் அந்த வரையறையை முழுவதுமாக நீக்கிவிட அமெரிக்க அரசாங்கமே முன்மொழிந்தது. அகராதியில் ஒரு சொல்லின் பொருளைச் சுருக்கினால் எத்தனை கடற்கரைகள் சட்டத்துக்கு வெளியே போய்விடும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்ப் பாடத்தில் சொற்பொருள் எழுதும்போது நாம் இவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு கருவியும் இருக்கிறது. ஓர் இனம் மீண்டு வருவதற்கு இன்றியமையாத இடங்களை வரைபடத்தில் குறித்து அறிவிப்பது. பெருந்தலை ஆமை 1978இலேயே பாதுகாக்கப்பட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதன் கரைகள் இவ்வாறு குறிக்கப்பட்டதோ 2014இல்தான்! அதுவும் சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்த பின்னர். அட்லாண்டிக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலும் ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் நீளமான கரைகளும், பரந்த கடற்பரப்பும் அந்த அறிவிப்பில் அடங்கின. இப்படி அறிவித்துவிட்டால் அங்கே மனிதர் கால் வைக்கக்கூடாது என்று பொருளில்லை. மத்திய அரசாங்கம் செய்யும், பணம் கொடுக்கும், அல்லது அனுமதி வழங்கும் எந்த வேலையும் அந்தக் கரையின் தன்மையைக் கெடுக்கக்கூடாது என்பதே பொருள். தனியார் ஒருவர் தன் சொந்தக் காணியில் அரசாங்கத்தின் எந்த அனுமதியும் தேவைப்படாத ஒன்றைச் செய்தால், இந்த அறிவிப்பு அவரைத் தொடாது. முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது இவ்வளவுதான் என்று சலித்துக்கொள்ளவும் இடமுண்டு.

இனத்தைக் காக்கும் விதிக்கும் இடத்தைக் காக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதல்ல. மக்காவின் ஹரம் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு வெளியே வேட்டையாட அனுமதிக்கப்பட்ட பறவை, எல்லைக்கு உள்ளே வந்துவிட்டால் அதனை விரட்டவும் கூடாது. அங்கே தானாக வளர்ந்த செடியையும் வெட்டக்கூடாது. பறவை மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைச் சூழ்ந்த பகுதியையும் அவ்வாறே புனித எல்லையாக்கினார்கள். 'ஹிமா' என்ற பெயரில் மேய்ச்சல் நிலங்களைப் பொதுநலனுக்காக ஒதுக்கிவைக்கும் வழக்கமும் இஸ்லாமிய வரலாற்றில் நீண்டகாலம் இருந்து வந்திருக்கிறது. உமர் (ரழி) அவர்கள் ரபதா என்னும் இடத்தை அவ்வாறு ஒதுக்கியபோது, வசதியற்றவர்களின் சிறு மந்தைகளுக்கு அங்கே இடம் கொடுக்கும்படி காவலருக்குச் சொன்னார்கள். இடத்தையும் காத்து, அதை நம்பி வாழும் எளியவரையும் விலக்காமல் இருப்பது எப்படி என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது.

ஐரோப்பாவில் இது எவ்வாறு நடந்தது என்பதற்கு கிரேக்க நாட்டின் சாக்கிந்தோஸ் தீவு சான்று. அத்தீவின் லகானாஸ் விரிகுடா மத்தியதரைக் கடலில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் மிக முக்கியமான இடங்களுள் ஒன்று. உல்லாசப் பயணிகளுக்கும் அது மிகப் பிரியமான இடம். ஆமைகள் வரும் அதே கோடையில்தான் பயணிகளும் வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை இனப்பெருக்க காலத்தில் வேண்டுமென்றே தொந்தரவு செய்வதையும், அவற்றின் இனப்பெருக்க இடங்கள் சீர்கெடுவதையும் உறுப்பு நாடுகள் தடுக்க வேண்டும். அங்கு சென்று பார்த்த ஐரோப்பிய ஆணைக்குழுவினர் கண்டது வேறு. முட்டையிடும் மணலில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. மிதிபடகுகளும் சிறு படகுகளும் தடைசெய்யப்பட்ட நீரில் மிதந்தன. டாஃப்னி என்ற கரையில் அனுமதியற்ற கட்டடங்கள் நின்றன. ஆணைக்குழு கிரேக்க அரசாங்கத்தையே நீதிமன்றத்துக்கு இழுத்தது.

2002 ஜனவரி 30ஆம் திகதி வந்த தீர்ப்பில் இரண்டு விடயங்கள் கவனிக்க வேண்டியவை. கூடுகள் இருக்கின்றன என்று அறிவித்தல் பலகை நட்டிருக்கும் கரையில் ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டினால், அது தெரியாமல் செய்ததாகாது, வேண்டுமென்றே செய்த தொந்தரவுதான் என்றது நீதிமன்றம். அதைவிட முக்கியமானது மற்றது. பதினைந்து ஆண்டுகளாகக் கூடுகளின் எண்ணிக்கை குறையவில்லை என்பதால் மட்டும் பாதுகாப்பு போதுமானது என்று ஆகிவிடாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஆமை பருவமடைய எடுக்கும் காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான கருத்து என்பது விளங்கும். இன்று ஒரு கரையில் குஞ்சே பொரிக்காமல் போனாலும், முன்னர் பிறந்த தாய் ஆமைகள் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு அங்கே வந்துகொண்டுதான் இருக்கும். எண்ணிக்கை குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதே நாடு 2016இல் கிபரிசியா விரிகுடா தொடர்பாக மறுபடியும் இதே நீதிமன்றத்தில் குற்றங்காணப்பட்டது. ஆகவே தீர்ப்புகளுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எமது கரைக்கு வருவோம். தங்காலைக்கு அருகே உள்ள ரெக்காவ, ஐந்து இன ஆமைகளும் முட்டையிட வருகின்ற அரிய இடம். பச்சை ஆமைகளே அங்கு அதிகம். 2006இல் அது விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதே ஆண்டில் கொடவாயவும் சரணாலயமானது. சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் யால தேசியப் பூங்கா போன்ற ஒன்றை நாம் மனதில் வரைந்துகொள்கிறோம். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும், அங்கே அனுமதிச்சீட்டு இன்றி நுழைய முடியாது. அதன் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்வதென்றாலும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். சரணாலயத்துக்குள் தனியார் காணிகளும் இருக்கலாம். அங்கே மக்கள் வீடு கட்டி வாழலாம், விவசாயம் செய்யலாம், மீன்பிடிக்கலாம். விலங்குக்குப் பாதுகாப்பு முழுமை, இடத்துக்குப் பாதுகாப்பு குறைவு.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு முழுமையாக அப்படித் தோன்றவில்லை. ரெக்காவவில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களை எழுப்பிவிட்டு ஆமைக்குக் கரையைக் கொடுத்தால், அந்தக் கரையை இரவில் யார் காப்பது? வர்த்தமானி வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1990களின் நடுப்பகுதியில், ஆமைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று அங்கே வேறொரு வழியைக் கையாண்டது. முட்டை எடுத்து விற்றுப் பிழைத்தவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, கூடுகளுக்குக் காவல் வைத்தது. எந்த இடத்தில் ஆமை ஏறும், எந்த மணலில் முட்டை இருக்கும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? முட்டைகள் இட்ட இடத்திலேயே பொரித்தன. வெளிநாட்டுப் பயணிகள் இரவில் வந்து பார்க்கக் கட்டணம் செலுத்தினார்கள்.

காலி வீதியில் கொஸ்கொட பக்கம் வருகின்ற பொரிப்பகங்கள் இதற்கு மாறானவை. அத்தகைய ஒன்றுக்கு நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன். கம்பிவேலிக்குள் மணல் பரப்பி, ஒவ்வொரு குழிக்கும் மேலே திகதியும் இனமும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய சிறு பலகை நட்டிருந்தார்கள். சீமெந்துத் தொட்டிகளில் குஞ்சுகள் சுவரை முட்டி முட்டி நீந்திக்கொண்டிருந்தன. என் தங்கைக்கு அவற்றை விட்டு வர மனமே இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் ஆமைகள் மீது அக்கறை கொண்டவர்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் முட்டைகளை வாங்காவிட்டால் அவை பொரியலாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் முட்டைகளை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று சட்டம் எழுதியிருப்பதால், பொரிப்பகங்கள் நீண்டகாலமாக ஒரு தெளிவில்லாத இடத்திலேயே நிற்கின்றன. குஞ்சு பிறந்த முதல் ஒரு நாளில்தான் ஆழ்கடலை நோக்கி ஓயாமல் நீந்தும் வேகம் அதற்கு இருக்கும். தொட்டியில் அந்த நேரம் வீணாகிறது. மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதால், ஏறக்குறைய 29 பாகை செல்சியசுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகளே கூடும். ஆகவே குழி நிழலில் இருக்கிறதா வெயிலில் இருக்கிறதா என்பதும் சிறிய விடயமல்ல. இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. முட்டைகளையெல்லாம் வேலிக்குள் கொண்டுபோய்விட்டால் கரையில் கூடு இல்லை. கூடு இல்லாத கரையில் விளக்கை அணைக்கும்படி யாரைக் கேட்பது?

கரையைப் பொறுத்தவரை எமது நாட்டில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றர், இவற்றுக்கு இடைப்பட்டது கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் தேவை. ஆமையின் பெயரைச் சொல்லாமலேயே ஆமைக்கு உதவக்கூடியது இந்தச் சட்டம்தான் என்று நான் நினைக்கிறேன். அனுமதி கொடுக்கும்போது மணலில் இருந்து எத்தனை மீற்றர் தள்ளிக் கட்டுவது, தாழையை வெட்டலாமா, விளக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட முடியும். குற்றம் நடந்த பின் தண்டிப்பதைவிட அது மலிவானது.

குற்றம் நடந்த பின் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம் வயதினருக்கு மறக்காது. பல நாட்கள் எரிந்து, ஜூன் மாதம் மூழ்கியது. பிளாஸ்டிக் குருணிகள் பனிபோல் மேற்குக் கரையெங்கும் படிந்தன. இறந்த ஆமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையொதுங்கின. 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் இறந்தது குறிப்பிடப்பட்டது. கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் லண்டன் நீதிமன்றம் ஒன்று கப்பல் தரப்பின் பொறுப்பை ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம் பவுணுக்கு மட்டுப்படுத்தியிருந்தது. இரண்டு தொகைகளுக்கும் இடையில் இருக்கும் தூரம் மலைக்க வைக்கிறது. ஒரு நாட்டின் கரை என்ன விலை பெறும் என்பது எந்த நாட்டு நீதிமன்றத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது போலும்.

எமது அரசியலமைப்பில் சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று 27ஆம் உறுப்புரை சொல்கிறது. இயற்கையைப் பாதுகாத்து அதன் வளங்களைப் பேணுவது ஒவ்வொருவரின் கடமை என்று 28ஆம் உறுப்புரை சொல்கிறது. இவற்றை மீறினார் என்று ஒருவரை நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. இருந்தாலும் நீதிபதிகள் மற்றச் சட்டங்களுக்குப் பொருள் சொல்லும்போது இவற்றைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது என் பெரிய மாமா வீட்டுக்கு வந்திருந்தார். தெற்கே கடலைப் பார்த்தபடி நான்கு அறைகளோடு ஒரு சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறார். கடற்பக்கம் மூன்று பெரிய விளக்குகள். விளக்கைப் பற்றி நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டார். பிறகு, "அப்படி அணைக்கச் செல்லி எந்தச் சட்டத்தில ஈக்கி மகள்?" என்று கேட்டார். புளோரிடாவின் கடற்கரை ஊர்களில் விளக்கின் உயரம், நிறம், அது நோக்கும் திசை வரைக்கும் உள்ளூர் விதிகள் இருப்பதையும், செம்மஞ்சள் நிற ஒளி குஞ்சுகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை என்பதையும் சொன்னேன். "அது அங்க," என்றார். இருட்டில் வெளிநாட்டுப் பெண்கள் தனியே நடந்து போகப் பயப்படுவார்கள், அவர்களுக்காகத்தான் விளக்கே போட்டது என்றார். அதுவும் நியாயம்தான்.

போன மாதம் மாமி தொலைபேசியில் சொன்னார். இரண்டு விளக்குகளுக்குத் தகரத்தால் மறைப்பு அடித்து, வெளிச்சம் நடைபாதையில் மட்டும் விழும்படி திருப்பியிருக்கிறார்களாம். மூன்றாவது விளக்கு அப்படியே இருக்கிறது. ஆட்டோ திரும்பும் இடம் அது.